பென்டாக்ஸ் கே1000, பென்டாக்ஸ் 17: ஃபிலிமுக்கு எதை வாங்கலாம்?

1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000, ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் நம்பியே ஓடும் கேமரா. அதில் போடும் ஒற்றை எல்ஆர்44 பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும், ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகத்திலும் அடிக்கும். மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி வீணாகும்.

பழைய கேமராவில் மாடல் பெயரைவிட, கையிலிருக்கும் பாடியின் நிலைதான் முக்கியம். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சன்னலை நோக்கி 1/1000-இல் அடித்துப் பாருங்கள். ஷட்டர் திறக்கும் செவ்வகம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டால், உள்ளே கிரீஸ் காய்ந்து ஷட்டரின் இரண்டு திரைகளும் வேகம் மாறி ஓடுகின்றன என்று அர்த்தம். சர்வீஸ் செய்யாமல் தீராது. 1 நொடியில் வைத்தால் இழுத்துக்கொண்டே போவதற்கும் பெரும்பாலும் இதே கிரீஸ்தான் காரணம்.

கதவுப் பள்ளத்தில் உள்ள ஸ்பாஞ்சை விரலால் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் ஒளி கசியும். கலர் படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழும். இதற்காக நல்ல கேமராவை ஒதுக்க வேண்டாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் சுரண்டிவிட்டு, புதுப் பட்டையை ஒட்டினால் போதும். துகள் ஷட்டர் திரைமேல் விழக்கூடாது, அவ்வளவுதான். லென்ஸுக்குள் டார்ச் அடிக்கும்போது கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸை வாங்காதீர்கள்.

2024-இல் வந்த பென்டாக்ஸ் 17-ஐப் புதிதாக வாங்குவதால் இந்தச் சோதனைகள் மிச்சம். அரை ஃபிரேம், அதாவது ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் என்பதால், 36 படத்துக்கான ரோலில் 72 படம் கிடைக்கும். ஆனால் நெகட்டிவ் 17×24 மி.மீ.தான், பெரிதாக பிரிண்ட் போட்டால் கிரெயின் (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்) நன்றாகவே தெரியும். ஃபோகஸுக்கு ஆறு தூர மண்டலங்கள் உண்டு, தூரத்தைக் கண்ணால் கணித்து வைக்க வேண்டும். வ்யூஃபைண்டரில் மங்கல் தெரியாது, அதனால் கிட்டத்தில் எடுக்கும் படங்கள்தான் அதிகம் தவறும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வழியில்லை. சிஆர்2 பேட்டரி தீர்ந்தால் கேமராவும் நின்றுவிடும்.

எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு) பழக வேண்டும் என்றால், சோதித்து வாங்கிய கே1000-தான் என் தேர்வு. பையில் போட்டுக்கொண்டு நிறைய எடுக்க நினைப்பவர்களுக்கு 17. கே1000 வாங்கினால் முதல் ரோலைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம் எடுத்து, வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) குறித்து வைத்து, கழுவிப் பார்த்த பிறகு நம்புங்கள்.