சீல்டு பெட்டியா, போர்ட்டு பெட்டியா? ஒரே சப்வூஃபரை இரண்டிலும் வைத்துக் கேட்டபோது

கார் ஆடியோ கடைக்குள் நுழைந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். சப்வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியின், குரலைத் தீர்மானிப்பதில் வாட்டைவிடப் பெட்டிக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்க 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயர், கார் எதையும் மாற்றாமல் இரண்டு பெட்டிகளில் மாற்றி மாற்றிப் பொருத்திக் கேட்டேன். கார் ஒரு சிறிய ஹேட்ச்பேக். பெட்டிகளை எங்கள் தெருத் தச்சர் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்) பலகையில் செய்து தந்தார். ஒன்று முழுக்க மூடிய சீல்டு பெட்டி, 1 கன அடி. மற்றது காற்றுக் குழாய் வைத்த போர்ட்டு பெட்டி, ஏறத்தாழ 1.75 கன அடி, 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது, அதாவது அந்த அதிர்வெண்ணில் குழாய்க் காற்று அதிரும்படி அளவு வைத்தது.

பெட்டியில் ஏற்றும் முன் சப்வூஃபரையே கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் கூம்பின் எதிரெதிர் ஓரங்களில் வைத்து, சமமாக, மெதுவாக அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். 'சரக்' என்று மணல் உரசுவதைப்போலக் கேட்டால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் மையத்தில் இல்லை என்று அர்த்தம், அதை வாங்காதீர்கள். அடுத்து, கூம்போடு ரப்பர் விளிம்பு ஒட்டும் இடத்தில் பசை ஒரே சீராக ஓடியிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மல்டிமீட்டரில் 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டினால் சரி. இரட்டைக் காயில் என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சப்வூஃபரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் முனைகள் மாறியிருக்கின்றன.

ஆம்ப்ளிஃபயர் அட்டையில் எழுதியிருக்கும் 2000 வாட்டை நம்ப வேண்டாம், ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால், 14.4 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போகும் மின்சாரமே 432 வாட்தான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத நல்ல கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் அதில் 80 சதவீதத்தை வெளியே தந்தாலும் 350 வாட்டைத் தாண்டாது. சி.இ.ஏ-2006 (இப்போதைய பெயர் சி.டி.ஏ-2006) என்ற வாட் அளவீட்டுத் தரப்படி அளந்த ஆர்.எம்.எஸ். எண், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், இருந்தால் அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பெட்டிகள். சீல்டு பெட்டியில் அடைபட்ட காற்றே சுருள்வில்லாக இருந்து கூம்பைத் தாங்குகிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் வீட்டு ஒலிபெருக்கிக்காகக் கொண்டுவந்த உத்தி இது. ஒரு குறை உண்டு: பெட்டியின் இயல்பு எல்லைக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கிவிடும். வீட்டில் இது பெரிய இழப்பு. காரில் கதையே வேறு. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலைநீளம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், அதாவது ஒரு சிறிய காரின் உட்புற நீளம். அதற்குக் கீழே போகப் போக அலை பரவ இடமில்லாமல், காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் கூம்பு ஒரே மூச்சாக அழுத்துகிறது, ஒலியழுத்தம் ஏறுகிறது. காற்றுக் கசிவே இல்லாத காராக இருந்தால் அந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபலை நெருங்கும். பெட்டி விட்டுக்கொடுப்பதைக் கார் நிரப்பிக் கொடுக்கிறது! ஓட்டுநர் இருக்கையின் தலைசாய்ப்பில் கைபேசியைக் கட்டி, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஐந்தைந்தாக ஏற்றி அளந்தபோது, சீல்டு பெட்டியின் கோடு கீழ்ப்பகுதியில் மெல்லத்தான் சரிந்தது. கைபேசி மைக் துல்லியமானதல்ல. ஆனாலும் ஒரே கைபேசி, ஒரே இடம் என்பதால் இரு பெட்டிகளையும் ஒப்பிட அது போதும்.

காதுக்குத் தெரிந்தது அதைவிடப் பெரியது. தவிலின் தொப்பியில் கழி விழுந்ததும் அடி எழுந்து, அடுத்த அடிக்குள் நின்றுவிடுகிறது. உறுமியின் வளைந்த குச்சி தோலை உரசி இழுக்கும்போது சுருதி வழுக்கி ஏறுமே, அந்த வழுக்கல் எங்கும் வீங்காமல், எங்கும் தேயாமல் முழுதாகக் கேட்டது. சப்வூஃபர் வாங்க நினைக்கும் எவரும் கடையில் இந்த ஒரு வாத்தியத்தைப் போட்டுக் கேட்கும்படி வற்புறுத்துவேன்.

சீல்டு பெட்டி உண்மையிலேயே சீலாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் கசிகிறது. 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மூட்டுகளின் ஓரமாக ஊதுபத்தியை நகர்த்தினேன். பின்பக்க டெர்மினல் அருகே புகை துடித்தது. அங்கே சிலிக்கான் வைத்த பிறகு அடி இன்னும் இறுகியது.

போர்ட்டு பெட்டியின் கணக்கு வேறு. இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். டியூன் செய்த அதிர்வெண்ணில் கூம்பு அசைவதே தெரியாது, வேலையைக் குழாய்க் காற்று செய்கிறது. 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை இது சீல்டு பெட்டியைத் தெளிவாக முந்தியது. இன்னும் 3 டெசிபல் ஏற வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரின் வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதை நினைத்தால், இது சும்மா கிடைத்த லாபம். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அது அடிவயிற்றில் இறங்கியது. ஆனால் உறுமி இங்கே தோற்றது. சுருதி வழுக்கி டியூனிங்கை நெருங்கும் இடத்தில் மட்டும் ஒலி பொங்கி, பிறகு அடங்கியது. டியூனிங்குக்குக் கீழே இறக்கம் ஆக்டேவுக்கு 24 டெசிபல். காற்றின் பிடியும் விட்டுப்போவதால் கூம்பு கட்டுப்பாடில்லாமல் அலைபாய்கிறது. 25 ஹெர்ட்ஸில் அதைக் கண்ணால் பார்த்ததும் பயந்து ஒலியைக் குறைத்துவிட்டேன். மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபயரோடு போர்ட்டு பெட்டியை இணைக்கவே கூடாது. டிக்கியும் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது, ஒரு சூட்கேஸுக்கு இடமில்லை.

நண்பர் ஒருவரின் சீட்டுக்கடியில் வைக்கும் 8 அங்குலத் தட்டை சப்வூஃபரையும் கேட்டேன். 50 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாகவே ஒலிக்கிறது, இடத்தை அடைக்கவில்லை. அதற்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டிக்கியில் மழைத்தண்ணீர் இறங்கினால் எம்.டி.எஃப். ஊறி உப்பிவிடும். மரைன் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள்.

என் காரில் சீல்டு பெட்டிதான் நிற்கிறது. போர்ட்டு பெட்டியை மைத்துனர் தன் பெரிய காருக்கு வாங்கிக்கொண்டார். சப்சானிக் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தேன். முதல் பாட்டிலேயே பின்னால் ஏதோ தடதடவென்று அடித்துக்கொண்டது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு ஃபோம் ஒட்டியதும் நின்றது.