வெஞ்சுரி பர்னரும் சிலிண்டரின் அடிவண்டலும்

கத்தி அடிக்கும் கேஸ் உலைக்கு, கேஸின் வேகத்திலேயே காற்றை இழுக்கும் வெஞ்சுரி பர்னர் வாங்கலாமா, காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயர் வைத்தது வாங்கலாமா என்று அம்பத்தூர் நண்பர் ஒருவர் கேட்டார். கத்தியை நீட்டவும் வளைக்கவும் எது இருந்தாலும் ஓடும். அவர் கேட்பது ஃபோர்ஜ் வெல்டிங்குக்கு. இரும்பை உருக்காமல், வெண்காரம் தூவி, சுட்டு, அடித்தே ஒட்டுகிற வேலை. முக்கால் இஞ்ச் வெஞ்சுரியில் அதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வேண்டாம், தேய்ந்துபோக ஒரு பாகமும் கிடையாது. ஜெட்டில் சீறும் கேஸே காற்றை இழுத்துக்கொள்ளும். உலைக்குள் சூடு தாங்கும் பஞ்சான செராமிக் வூல் இரண்டு அடுக்கு போதும். தரையில் மட்டும் ஹை அலுமினா காஸ்டபிள் என்ற சூடு தாங்கும் காரையைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் வெண்காரம் வூலைத் தின்றுவிடும். பர்னரின் வாய் உள்சுவரை விடச் சற்று உள்வாங்கி, தீ பில்லட்டில் (ஒட்டுவதற்காக அடுக்கிய இரும்புத் தகடுகளில்) நேராக மோதாமல் சுழன்று வரும்படி சாய்வாக இருக்கட்டும். சாதாரண இரும்பு ஒட்ட 1,250 டிகிரியைத் தாண்ட வேண்டும், தாண்டும்.

அந்தச் சூட்டில் வெண்காரம் வெல்லப்பாகு மாதிரி பில்லட்டின் மேல் கொதித்து வழியும். வெளியே எடுத்து மெல்லத் தட்டினால் அடுக்குகளின் நடுவிலிருந்து பிதுங்கித் தெறிக்கும். ரெண்டு தட்டில் சத்தமே மாறிவிடும். தகடுகளின் சலசலப்பு போய் ஒரே கட்டியின் 'தொம்' கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த பர்னர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

சிலிண்டர் புதிதாக இருக்கிற வரைக்கும்தான் இது எல்லாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் எரிவது பெரும்பாலும் தனி புரொப்பேன். நம் 19 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யத்தில். அதனால் புரொப்பேன்தான் அதிகமாக ஆவியாகி முதலில் ஓடும், போகப்போக அடியில் பியூட்டேனின் பங்கு கூடும். கூடவே கேஸ் ஆவியாக ஆவியாக சிலிண்டரும் குளிர்ந்துகொண்டே போகும். கத்திரி வெயிலில்கூட சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்க்கும், விடாமல் ஓட்டினால் வெள்ளையாகப் பனி படியும். அழுத்தம் சரிந்துவிடும். வெஞ்சுரிக்கோ அழுத்தம்தான் உயிர். அது குறைந்தால் இழுக்கிற காற்றும் குறையும். போதாக்குறைக்கு ஒரு பங்கு புரொப்பேன் எரிய 24 பங்கு காற்று போதும், பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். தீ மஞ்சளாகி, சோம்பேறியாக வாய்க்கு வெளியே நக்கும். பில்லட் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே பாதி ஒட்டிய அடுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்பது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

விற்றவர் அட்டையில் 1,400 டிகிரி என்று அச்சடித்திருக்கிறார். எந்த கேஸில், எந்த அழுத்தத்தில் என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு ரெகுலேட்டரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். சிலிண்டரில் இல்லாத அழுத்தத்தை ரெகுலேட்டர் எங்கிருந்து கொடுக்கும்?

சிலிண்டரைச் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினால் குளிர்வது குறையும். வெந்நீரோ தீயோ பக்கத்திலேயே போகக்கூடாது. இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் சுமை பாதியாகும். ஆனால் அடியில் தேங்கிய பியூட்டேனுக்கு இரண்டுமே மருந்தில்லை. மிச்ச கேஸ் சும்மா சூடாக்கும் வேலைக்குத்தான் ஆகும், வெல்டிங்குக்கு ஆகாது. காசோ முழு சிலிண்டருக்கும் கொடுத்தாயிற்று.

ப்ளோயர் வைத்த உலையிலும் அடித்திருக்கிறேன். இரைச்சல் காதைப் பிடுங்கும், எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் காற்று தனி வால்வில், கேஸ் தனி வால்வில். குறைந்த அழுத்தத்திலும் தீ நிற்கும். கேஸைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, உலை வாயில் சின்ன ஆரஞ்சு நாக்கு தெரியும்படி விட்டால் இரும்பில் செதில் படியாது. சிலிண்டர் காலியாகும் வரை அதே சூடு.

ஆகவே அடுக்குகளை ஒட்டிச் செய்யும் டமாஸ்கஸ் எஃகுதான் நோக்கம் என்றால் வெஞ்சுரி வாங்க வேண்டாம், ப்ளோயரே வாங்குங்கள். கூடவே கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு ஒன்றை கேஸ் லைனில் கட்டாயம் போடுங்கள். ப்ளோயர் நின்றபின் கேஸ் மட்டும் ஓடினால் காற்றுக்குழாய்க்குள்ளேயே திரும்பி ஏறும். எந்த உலையானாலும் பட்டறையின் ஷட்டரைத் திறந்து வைத்தே பற்றவையுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.