அப்பாவோட சி70யும் சுங்கை சிப்புட் வொர்க்‌ஷாப்பும்

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல பழைய மோட்டார்சைக்கிள் வச்சிருக்கவங்க, அதுவும் விக்கலாமான்னு யோசிக்கிறவங்க இத படிச்சிருங்க. டவுன்ல பழைய கடைவரிசைக்கு பின்னால போர்டு கூட இல்லாத ஒரு வொர்க்‌ஷாப் இருக்கு, ஒரு அங்கிளும் அவரு மகனும்தான், பழைய கப்சாய் (சின்ன இன்ஜின் மோட்டார்சைக்கிள்) தவிர வேற எதையும் தொட மாட்டாங்க.

எங்களோடது ஹோண்டா சி70, அப்பா தோட்டத்துல மண்டோரா (கங்காணியா) இருந்தப்ப வாங்கினது. அப்புறம் தம்பி கைக்கு போச்சு, அவன் வேற ஊர்ல ஒரு கடையில குடுத்து 110 இன்ஜின் ஏத்தி, முன்னால டெலஸ்கோப் ஃபோர்க் போட்டு, பெரிய டயர் உள்ள போகணும்னு பின்னால தகட்டயும் வெட்டிட்டான், மொத்தம் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல செலவு. போன வருஷம் விக்கலாம்னு ஈப்போல இருந்து ஒருத்தர் பாக்க வந்தாரு. ஓட்டிக்கூட பாக்கல. குனிஞ்சு இன்ஜின் நம்பர துடைச்சாரு, கெரான (வண்டியோட பதிவுப் பத்திரத்த) பாத்தாரு, ரெண்டுலயும் நம்பர் வேற வேற. இன்ஜின் மாத்தினத ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகாவுல) நாங்க பதியவே இல்ல, அந்த தலைவலி வாங்குறவருக்குத்தானே, 1,800 வெள்ளின்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு அப்பா ஒண்ணும் பேசல, எனக்குத்தான் மனசு கேக்கல.

அப்பதான் இந்த அங்கிள்கிட்ட போனேன். அவரு கேட்ட முதல் கேள்வியே "பழைய இன்ஜின் எங்கப்பா, இரும்புக்கு போட்டுட்டீங்களா?" நல்லவேளை, கோழிக்கொட்டாயில கோணிப்பையில கட்டி கிடந்துச்சு. கொண்டு போய் வச்சதும் மண்ணெண்ணெய் துணியால இடது பக்கம் தேய்க்க ஆரம்பிச்சாரு, கறுப்பு எண்ணெய் கரைய கரைய நம்பர் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு, கெரான்ல இருந்த அதே நம்பர். "உன் காசு இதுலதான் இருக்கு"ன்னாரு. 72 சிசி இன்ஜின், பிஸ்டன் ரிங் மாத்தி, ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட்டோட இடைவெளிய, அளக்குற ஃபீலர் தகடு வச்சு 0.35 மில்லிமீட்டர்ல நிறுத்துறத பக்கத்துலயே நின்னு பாத்தேன், அவசரமே இல்லாத கை.

பின்பக்கம்தான் பெரிய வேதனை. மத்த மோட்டார் மாதிரி பின் மட்கார்ட கழட்டி மாட்டுற கதை இல்ல, இந்த கப்சாய்ல பாடியும் பின் மட்கார்டும் அழுத்தி செஞ்ச ஒரே தகடு, அத வெட்டினா ஃபிரேமையே வெட்டின மாதிரி. வேற ஒரு பழைய பாடியில இருந்து துண்டு எடுத்து வெல்டிங் வச்சாரு, வெளிய இருந்து பாத்தா தெரியாது, ஆனா "உள்ள டார்ச் அடிச்சா கோடு தெரியும், வாங்குறவங்ககிட்ட நீயே முன்னாடி சொல்லிரு"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்த கடைய நம்புறேன். அப்பா காலத்து பெயிண்ட் மிச்சம் இருந்த இடத்துல ஸ்ப்ரே அடிக்கவும் விடல, மங்குன ஒரிஜினல் பெயிண்டுக்குத்தான் மதிப்புன்னு பாலிஷ் மட்டும் போட்டாரு.

எல்லா மாற்றமும் விலைய கொறைக்காதுங்கறதும் அவருகிட்டதான் புரிஞ்சுச்சு. பழைய 6 வோல்ட்ல வண்டி மெதுவா போனா லைட் மங்கிரும், ராத்திரி செம்பனை காட்டு ரோட்டுல அது பயம், அதனால 12 வோல்ட் மாத்துறத யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஆனா பழைய காயில், ஃப்ளைவீல், வயர் எல்லாம் வீட்டுல இருக்கணும். சீட், கண்ணாடி, கேரியர் எல்லாம் அதே மாதிரிதான். நட்டு கழட்டி திருப்பி மாட்ட முடிஞ்சா பயமில்ல, வெட்டினதும் ஒட்டினதும்தான் விலைய அடிக்குது.

குறையும் சொல்லணும். ஆறு வாரம்னு சொல்லி அஞ்சு மாசம் ஆச்சு, பழைய முன் ஃபோர்க் கிடைக்கத்தான் லேட்டாம், சரி, ஆனா ஃபோன் எடுக்கவே மாட்டாங்க, ஒவ்வொரு தடவையும் நேர்லதான் போகணும். ரசீதும் கேட்டாத்தான் எழுதி குடுக்கறாங்க.

மொத்தம் 2,300 வெள்ளி ஆச்சு. தைப்பிங்ல இருந்து வாங்க வந்தவருகிட்ட வெல்டிங் கோட்ட நானே காட்டினேன், அதுக்கு 1,000 வெள்ளி கழிச்சு 5,200க்கு எடுத்துக்கிட்டாரு. அந்த வெட்டு மட்டும் இல்லன்னா அந்த 1,000மும் அப்பா கையில இருந்திருக்கும், இப்ப நெனச்சாலும் வலிக்குது.

போறவங்க கெரானையும் கழட்டி வச்ச பழைய சாமானையும் கையோட எடுத்துட்டு போங்க, ஞாயித்துக்கிழமை கடை இல்ல.