யூகோவிச்சா, ஸ்டான்கோவிச்சா, மாடிச்சா?

செர்பிய நடுக்கள வீரர்கள் என்று பேச்செடுத்தால் டெயான் ஸ்டான்கோவிச் பெயர்தான் முதலில் வந்து விழும். அடுத்து நெமான்யா மாடிச். விளாதிமிர் யூகோவிச் பெயரைச் சொல்ல, 90களில் இத்தாலியக் கால்பந்து பார்த்தவர் யாராவது கூட இருக்க வேண்டும். இது யூகோவிச்சுக்கு நடக்கிற அநியாயம் என்பது என் கட்சி. ஓரிடத்தில் நிலைக்காமல் கிளப் கிளப்பாகப் போனவர் என்று அவரைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எப்போது போனார், யார் கூப்பிட்டுப் போனார் என்று பார்த்தால் கதை வேறு.

முதலில் பட்டியல். ஸ்டான்கோவிச் ஆடியது மூன்றே கிளப்: பெல்கிரேடின் ரெட் ஸ்டார், ரோமின் லாட்சியோ, மிலானின் இன்டர். யூகோவிச்சுக்கு ரெட் ஸ்டார், நடுவில் லோனில் ராட், பிறகு இத்தாலியின் சாம்ப்டோரியா, யுவென்டஸ், லாட்சியோ, ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட், இன்டர், மொனாக்கோ, ஆஸ்திரியாவின் அட்மிரா வாக்கர், கடைசியில் ஜெர்மனியின் ஆலன். மாடிச்சும் சளைத்தவர் இல்லை. கொலுபாரா, ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே, செல்சி, நெதர்லாந்தின் வீட்டெஸ்ஸே, பென்ஃபிகா, மறுபடி செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், ரோமா, ரென், லியோன், 2025இல் சசுவோலோ.

யூகோவிச்சின் முதல் பயணம் அவராக ஆசைப்பட்டுப் போனது என்று சொல்லிவிட முடியாது. 1991 மே மாதம் பாரி நகரில் மார்செய் அணியை பெனால்டியில் வென்று ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 21 வயது. அந்த இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் இருந்தார். அதே டிசம்பரில் டோக்கியோவில் சிலியின் கோலோ கோலோ அணிக்கு எதிராக, ஐரோப்பிய சாம்பியனும் தென்னமெரிக்க சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் சாவிசெவிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடியும் 3-0 என்று ஜெயித்தார்கள். அதில் இரண்டு கோல் யூகோவிச்சுடையது. ஆட்ட நாயகனும் அவர்தான்.

அதற்குள் அவர்களின் நாடான யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்தது. அந்த சீசனில் ஐரோப்பியப் போட்டியின் ‘சொந்த மண்’ ஆட்டங்களை ரெட் ஸ்டார் புடாபெஸ்டிலும் சோஃபியாவிலும் ஆட வேண்டியிருந்தது. சோஃபியாவில் வந்து 3-1 என்று அடித்து அவர்களை வெளியே அனுப்பியது சாம்ப்டோரியா. 1992 மே மாத இறுதியில் நாட்டின் மீது ஐ.நா. தடை வந்தது. யூகோஸ்லாவியா யூரோ 92இலிருந்து நீக்கப்பட்டது. ரெட் ஸ்டார் அணி மொத்தமாகக் கலைந்தது: சாவிசெவிச் ஏசி மிலானுக்கு, பான்செவ் இன்டருக்கு, மிஹைலோவிச் ரோமாவுக்கு, பெலோடெடிச் வாலென்சியாவுக்கு. யூகோவிச்சை எடுத்துக்கொண்டது, அவர்களைத் தோற்கடித்த அதே சாம்ப்டோரியா.

இதற்கப்புறம் வந்த பயணங்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாம்ப்டோரியாவில் அவருக்குப் பயிற்சியாளர் எரிக்சன். 1997இல் எரிக்சன் லாட்சியோ போனார், யூகோவிச்சும் அங்கே போனார். யுவென்டஸில் பயிற்சியாளர் லிப்பி. 1999இல் லிப்பி இன்டருக்கு வந்தபோது யூகோவிச்சும் இன்டர். யுவென்டஸில் பக்கத்தில் நின்று ஆடிய டெஷாம்ப் 2001இல் மொனாக்கோவின் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டே யூகோவிச் மொனாக்கோவில். கூட இருந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பத் தேடி எடுத்த ஆளை நாடோடி என்பது எப்படிச் சரி?

ஆனால் நேரம் அவரை அடிக்கடி கைவிட்டது. லாட்சியோவில் ஒரே சீசன், ஒரு இத்தாலியக் கோப்பை. அதோடு கிளம்பி மாட்ரிட் போனார். அங்கே அவரோடு அதே கோடையில் வந்த பயிற்சியாளர் சாக்கி, சீசன் முடியும் முன்பே பதவியை விட்டார். அந்தச் சமயத்தில் லாட்சியோ 1999இல் கப் வின்னர்ஸ் கோப்பையும் 2000இல் லீக் பட்டமும் ஜெயித்தது. யூகோவிச் காலி செய்த அதே 1998 கோடையில் லாட்சியோ கூட்டிவந்த 19 வயதுப் பையன்தான் ஸ்டான்கோவிச். அந்த இரண்டு வெற்றியிலும் அவன் பங்கு இருந்தது.

ஸ்டான்கோவிச்சின் பாதை நேர்கோடு. 2004 தொடக்கத்தில் இன்டர் போனவர் 2013 வரை அங்கேதான். ஐந்து லீக் பட்டம் (அதில் ஒன்று, 2006இல் நடுவர் நியமனத்தில் தலையிட்ட பெரிய ஊழல் வெடித்த பிறகு களத்தில் இல்லாமல் மேசையில் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்), நான்கு இத்தாலியக் கோப்பை, 2010 சாம்பியன்ஸ் லீக். மாட்ரிடில் நடந்த அந்த இறுதியில் அவர் 68ஆவது நிமிடத்தில்தான் கிவுவுக்குப் பதிலாக இறங்கினார். அவரை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. 2011 ஏப்ரல், ஷால்கேவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. கோல்கீப்பர் நொயர் பெட்டியை விட்டு ஓடிவந்து பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினார். மைதான நடுவட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டான்கோவிச் பந்து தரையைத் தொடும் முன்பே அடித்தார். அது அப்படியே காலி வலைக்குள் போய் விழுந்தது. 2009இல் ஜெனோவாவுக்கு எதிராகவும் இதே மாதிரி ஒன்று போட்டிருந்தார், எனவே அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. ஆனால் ஷால்கே ஆட்டத்தில் இன்டர் 2-5 என்று தோற்றது. அந்த கோல் வீடியோவை அனுப்புகிறவர்கள் இதைச் சொல்வதில்லை!

மாடிச்சின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அவர் வேண்டாம் என்று கொடுக்கப்பட்டது. 2009இல் செல்சி அவரை வாங்கிய விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. 2011 ஜனவரியில் டேவிட் லூயிஸை வாங்க, பணத்தோடு மேலதிகமாக மாடிச்சையும் சேர்த்து பென்ஃபிகாவுக்குக் கொடுத்தார்கள். அதுவரை அவர் முன்னேறி ஆடும் நடுக்கள வீரர். பென்ஃபிகா பயிற்சியாளர் ஜார்ஜ் ஜெசுஸ் அவரைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பு நடுக்களத்தில் நிறுத்தினார். 2012 கோடை முடிவில் ஹாவி கார்சியாவும் விட்செலும் சில நாள் இடைவெளியில் விற்கப்பட, இடம் முழுசாக மாடிச்சுக்கு வந்தது. அந்த சீசனில் போர்ச்சுகல் லீகின் சிறந்த வீரர் அவர்தான். 2014 ஜனவரியில் அதே செல்சி அவரைத் திரும்ப வாங்கியது, இந்த முறை சுமார் 2.1 கோடி பவுண்டுக்கு.

திரும்பி வந்து 2015, 2017 என்று இரண்டு பிரீமியர் லீக் பட்டம். பிறகு 4 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். அடுத்த சீசனில் யுனைடெட் இரண்டாவது இடம், செல்சி ஐந்தாவது. ஆனால் ஐந்து வருடம் யுனைடெடில் இருந்தும் ஒரு கோப்பைகூட இல்லை. செல்சி, யுனைடெட், ரோமா என்று மூன்று இடத்திலும் பயிற்சியாளர் மொரீன்யோவுக்குக் கீழே ஆடியவர். யூகோவிச்சைப் போலவே இவரையும் தெரிந்தவர்களே தேடினார்கள். வித்தியாசம், யூகோவிச்சுக்கு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் கோப்பையும் கிடைத்தது. மாடிச்சுக்கு அது வாய்க்கவில்லை, 2023இல் ரோமாவோடு ஆடிய யூரோப்பா லீக் இறுதிகூட பெனால்டியில் செவியாவிடம் போனது.

தேசிய அணி என்று வந்தால் ஸ்டான்கோவிச்சை யாரும் நெருங்க முடியாது. 103 ஆட்டம், மூன்று உலகக் கோப்பை, மூன்றும் மூன்று பெயருள்ள நாட்டுக்காக: 1998இல் யூகோஸ்லாவியா, 2006இல் செர்பியா மாண்டினீக்ரோ, 2010இல் செர்பியா. 2006இல் போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்பே அந்த நாடு இரண்டாகிவிட்டது. அணி மட்டும் பழைய பெயரில் போனது. யூகோவிச்சுக்கோ 22 முதல் 28 வயது வரை தேசிய அணிக்குப் பெரிய போட்டியே கிடையாது, தடைதான் காரணம். அந்தக் கணக்கை அவர் தலையில் கட்டக் கூடாது.

பத்து வருடத்துக்கு ஒரு நடுக்களத்தை ஒப்படைக்கச் சொன்னால் நான் ஸ்டான்கோவிச்சைத்தான் எடுப்பேன். முன்னிலையைக் காப்பாற்ற வேண்டிய ஒரு லீக் சீசனுக்கு மாடிச். ஒரே ஒரு இறுதியாட்டம், தோற்றால் எல்லாம் போச்சு என்றால் யோசிக்காமல் யூகோவிச். 1996 மே, ரோம், அயாக்ஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோன்டே காயம்பட, இடைவேளைக்குச் சற்று முன்பு இறங்கினார். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. யுவென்டஸின் நான்காவது, ஜெயிக்க வைத்த பெனால்டி அவர் அடித்தது. அதற்கப்புறம் யுவென்டஸ் அந்தக் கோப்பைக்காக ஐந்து இறுதியாட்டம் ஆடி, ஐந்திலும் தோற்றிருக்கிறது.