கொலிப்ராவா, பர்வியூவா, ஓப்பன்மெட்டாடேட்டாவா? காரைக்குடியில் பார்த்த தரவுக் கணக்கு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு குடும்பத் தொழில் அலுவலகம். தரவு ஆளுகைக்கு, அதாவது எந்தத் தரவு எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று ஒழுங்குபடுத்துவதற்கு, மென்பொருள் பார்த்துச் சொல்ல நான் போய் உட்கார்ந்ததும், ஒரு வாடிக்கையாளரைத் தேடிக் காட்டச் சொன்னார்கள். தேவகோட்டைக் கிளையில் அவர் பெயருக்கு முன்னால் ஒரே முன்னெழுத்து. காரைக்குடியில் மூன்று. புதுக்கோட்டையில் முன்னெழுத்தே இல்லை, முழுப் பெயர். அதுவும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. மூன்றும் ஒரே ஆள்தான். விலாசம் பார்த்தே ஆளையும் வீட்டையும் சொல்லிவிடும் ஊரில் இது கொஞ்சம் வெட்கக்கேடு.

நகைக்கடன், கடை வாடகை, கானாடுகாத்தானில் பழைய வீட்டை மாற்றிய ஒரு தங்கும் விடுதி. அந்த அலுவலகத்தை நடத்தும் குடும்பத்துக்கு இந்த மூன்று தொழில். “தரவு ஆளுகைக்கு எந்த மென்பொருள் வாங்கலாம்?” என்று கேட்டார்கள். கேட்க வைத்தது பயம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ‘என்னைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது’ என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன மூன்று பெயர்க்காரர் கேட்டால் யார் எதைத் தேடி எடுப்பது?

முதலில் கொலிப்ரா. 2008-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய நிறுவனம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விரும்புவது. இதன் பலம் ஒப்புதல் வரிசை. ‘நிலுவை’ என்றால் என்ன என்று ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புக்கொள்ள, எல்லாம் பதிவாகிக்கொண்டே வரும். அந்தக் காலத்துப் பர்மாக் கடைகளில் பெட்டியடி, அடுத்தாள், மேலாள், முதலாளி என்று இருந்த அடுக்கை அப்படியே இதில் கட்டிவிடலாம். அது சரி, இப்போது அந்த அடுக்கில் உட்கார ஆள் வேண்டுமே? இவர்களிடம் கணினியைத் தொடுகிறவர்களே ஒன்பது பேர். விலையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை நான் அரை மணி நேரத்தில் ஓரங்கட்டிவிட்டேன். இருநூறு கிளை இருந்தால் வேறு பேச்சு.

இந்தியர்கள் தொடங்கிய அட்லான் பார்க்க அழகு, பழகவும் எளிது. ஆனால் ஸ்னோஃப்ளேக் (இணையவழித் தரவுக் கிடங்கு), டிபிடி (அதில் தரவை வடிவமாற்றும் கருவி) மாதிரி மேகக் கணினிச் சாமான்களோடு வாழ்கிறவர்களுக்கு அது. டேலி கணக்கு மென்பொருளும் கிளைக்கொரு எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளமும் உள்ள இடத்தில் அதன் அருமை தெரியாது.

பர்வியூதான் என்னை யோசிக்க வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2022-ல் இந்தப் பெயரின் கீழ் தன் தரவு ஆளுகைச் சாமான்களை ஒன்றுசேர்த்தது. கிளையில் ஒரு விண்டோஸ் கணினியில் சின்ன மென்பொருளை நிறுவினால் உள்ளே இருக்கும் எஸ்கியூஎல் சர்வரைப் படித்துவிடும். ஆதார், பான் எண்களை அடையாளம் காண ஆயத்த விதிகளும் உண்டு. சோதனைக்கு விட்டோம். ‘ரிமார்க்ஸ்’ பத்தியில் போய் நின்றது. ஆதாருக்குத் தனி இடம் இல்லாத காலத்தில், கவுண்டரில் இருந்தவர்கள் குறிப்புப் பத்தியிலேயே எண்ணை அடித்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பது உரிமையாளருக்கே தெரியாது. இந்த ஒரு வேலைக்காகவே பர்வியூவுக்குக் கும்பிடு போடலாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. இவர்களுடைய அடகுச் சீட்டு எண்ணும் 12 இலக்கம். ஆதாரின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம்; ஏதோ ஒரு 12 இலக்க எண்ணை எடுத்தால் பத்தில் ஒன்று அந்தச் சோதனையில் தற்செயலாகத் தேறிவிடும். அதனால் கொஞ்சம் சீட்டுகளும் ஆதார் என்று முத்திரை வாங்கின. உட்கார்ந்து கழித்தோம்.

பர்வியூவில் எனக்கு உறுத்தியது கட்டணம். எத்தனை தரவுச் சொத்துகளை (அட்டவணை, கோப்பு மாதிரி) ஆளுகைக்குள் கொண்டுவருகிறோம் என்பதை வைத்து நாள் கணக்கில் ஏறுகிறது. தரச் சோதனை ஓட்டினால் அதற்குத் தனி. மாதச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாததை ஒரு வட்டிக்கடைக்காரரிடம் விற்பது கஷ்டம்.

ஓப்பன்மெட்டாடேட்டா திறமூலம், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது, உரிமத்துக்குக் காசு இல்லை. இல்லை என்றாலும் சும்மா வராது. தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் ஒன்று, தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் ஒன்று, தரவை இழுத்துவர ஏர்ஃப்ளோ. மூலையில் கிடந்த 8 ஜிபி கணினியில் ஏற்றினேன், மூச்சுத் திணறியது. 16 ஜிபி ஆக்கியதும் ஓடுகிறது. டேலியில் இருப்பதை ஏற்றுமதி செய்து போஸ்ட்கிரெஸில் இறக்கித்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்கிற சொற்களஞ்சியத்தைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். ‘மீட்பு’, ‘மறு அடகு’ என்று எழுதியதைக் கவுண்டரில் இருப்பவர்கள் தாங்களே திருத்துகிறார்கள். லிங்க்ட்இன் 2020-ல் திறமூலமாக்கிய டேட்டாஹப்பும் நல்லதுதான், ஆனால் அதற்கு வேண்டிய காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருளை வைத்துப் பராமரிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

மூன்று பெயர்க்காரரை ஒருவராக்கும் வேலையை இவற்றில் எதுவும் நேரடியாகச் செய்யாது. அது வேறு சாதி மென்பொருள். சேல்ஸ்ஃபோர்ஸ் 2025-ல் வாங்கிய இன்ஃபர்மேட்டிகா மாதிரி ஆட்கள் விற்பது. அதிலும் கவனம் வேண்டும். பான் எண்ணின் நாலாவது எழுத்து ‘பி’ என்றால் தனிநபர், ‘ஹெச்’ என்றால் கூட்டுக் குடும்பம். இங்கே ஒரே ஆள் இரண்டு பானோடும் வருவார். பெயரும் முகவரியும் ஒன்றுதானே என்று இயந்திரம் சேர்த்துவிட்டால் வருமான வரிக் கணக்கு குழம்பும்.

கடைசியில் நான் சொன்னது: ஒரே ஒரு மாதம் பர்வியூவை ஓட்டி, ஆதார் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். நிரந்தரத்துக்கு ஓப்பன்மெட்டாடேட்டா. ஒத்துக்கொண்டார்கள்.

அதில் ஒவ்வொரு அட்டவணைக்கும் ‘உரிமையாளர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அடகு அட்டவணையின் கட்டம் மூன்று வாரம் காலியாகவே கிடந்தது. ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கணக்கப்பிள்ளைக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். “ஏன் தம்பி, ஐந்தொகைக் கணக்கு அனுப்பினா அதுக்கு ஒரு ஆள் பதில் சொல்லணும்ல? என் பேரைப் போடு. ஆனா அந்த ‘ரெஃப்2’ங்கிற பத்தி என்னன்னு எனக்குத் தெரியாது, அதுக்கு வேற ஆளைப் பாரு.”

அந்தப் பத்திக்கான உரிமையாளர் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.