பஞ்சர் ஒன்று, ஓட்டை ஏழு: மணலி பக்கம் பைக்கில் போகிறவர்கள் கவனத்துக்கு

தனியாக பைக்கில் விசாகப்பட்டினம் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ராத்திரி லாரி, லாட்ஜ் திருட்டு, மொழி தெரியாத ஊர் என்று பயமுறுத்தினார்கள். இங்கே வடசென்னையில் மணலி தாண்டும்போது பார்த்துப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் யார் சொல்வார்கள்? கடைசியில் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர்கூடத் தாண்டாமல், நம்ம ஏரியாவிலேயே, கையில் இருந்த 1,000 ரூபாயையும் நாலு மாதம்கூட ஓடாத பின் டயரையும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பொங்கல் முடிந்த வாரம், காலை ஐந்து மணி. மாதவரம் போய் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்திருந்தால் செங்குன்றம், காரனோடை என்று நேர் வழி. நான்தான் புத்திசாலி மாதிரி திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று போய் பஞ்செட்டியில் ஹைவே ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அது துறைமுகத்துக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் லாரி போகிற ரோடு, ஓரத்தில் ஆணியும் கம்பித்துண்டும் கிடக்காத நாள் கிடையாது, இதெல்லாம் தெரிந்தும் லாரிக்கு வழிவிட்டு ஓரமாகவே ஓட்டினேன். மணலி புதுநகர் வருவதற்குள் பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் பாதிக் காற்று இல்லை.

நூறு அடி தள்ளினால் பஞ்சர் கடை. லாரி டயரில் வெள்ளை பெயின்டில் பேர் எழுதி, அந்த இருட்டிலும் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சாமியே பார்த்துத் திறந்து வைத்த கடை என்று நினைத்தேன், பாருங்கள்.

ஒரு பையனும் முதலாளி மாதிரி ஒருவரும் இருந்தார்கள். பையன் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஒரு கம்பித்துண்டைப் பிடுங்கிக் காட்டினான். அது உண்மையான பஞ்சர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அண்ணே, எங்க போறீங்க, லக்கேஜ் எல்லாம் பலமா இருக்கே" என்று முதலாளி கேட்டார். நானும் பெருமையாக வைசாக் என்றேன், தனியாத்தான் என்றேன். அங்கேதான் மாட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவசரத்தில் இருக்கிறவன், திரும்பி வந்து சண்டை போடாதவன் என்று தெரிந்துபோயிற்று. "பக்கத்துல டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க" என்றார். போனேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்தால் பையன் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் டயரைத் துடைத்துக்கொண்டே வருகிறான், துடைத்த இடமெல்லாம் நுரை கொப்பளிக்கிறது. "அண்ணே, ஆறு பஞ்சர் இருக்கு, இதோட எப்படி ஹைவேல போவீங்க?" ஒன்றுக்கு 150, ஆறுக்கு 900, வால்வு பின் மாற்ற 100. எங்கள் தெருவில் ட்யூப்லெஸ் பஞ்சருக்கு 100 ரூபாய்தான். ஒரே கம்பிக்கு எப்படி ஆறு ஓட்டை என்று கேட்டதற்கு, "லாரி ரோடுண்ணே, எப்பவோ குத்தியிருக்கும், இப்பத்தான் லீக்காவுது" என்றார். ஜிபே வேலை செய்யவில்லையாம். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஓட்டையில் சொருகி அடைக்கிற ரப்பர் துண்டு, அதாவது வால், ஆறு போட்ட டயரோடு கிளம்பினேன்.

ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் மறுபடி ஆட்டம். தடாவில் காற்று அடித்தேன், நிற்கவில்லை. இரண்டு மூன்று இடத்தில் காற்று அடித்து அடித்து, கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே சூலூர்ப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அந்த சீசனில் எல்லோரும் அந்த ஊருக்குப் பூநாரை பார்க்க வருவார்கள். நான் டயர் கடை வாசலில் உட்கார்ந்து ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரப் பெரியவர் பாதி தமிழ், பாதி தெலுங்கு. டயரைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார். ஓட்டைகள் கிட்டத்தட்ட ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக, எல்லாம் ரப்பர் மெலிசாக இருக்கும் பள்ளத்தில் பார்த்து. ஒன்று மட்டும் பக்கவாட்டில். "இங்க ஆணி எப்படிப்பா குத்தும்? ரோட்டுல படாத இடம்" என்றார். பக்கவாட்டில் வால் போட்டாலும் நிற்காதாம், ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி விரியும். இன்னொரு இடத்தில் வால் போடாமல் விட்ட பொடி ஓட்டை ஒன்று, கோணூசியால் குத்தியது மாதிரி. பையன் மறந்துவிட்டான் போல. அதுதான் காட்டிக்கொடுத்தது. ஏனென்றால் வால் சொருகும் முன் அரம் மாதிரி கம்பியை விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், அதற்கப்புறம் உள்ளே போனது ஆணியா ஊசியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரத் துணிக்குள் ஊசியை வைத்துக்கொண்டு துடைக்கிற மாதிரி குத்திக்கொண்டே வருவதுதான் தொழில் என்று விளக்கினார்.

அன்றைக்கு விஜயவாடாவில் தூங்க வேண்டியவன், ட்யூப் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து ஐம்பதிலேயே ஓட்டி, ஓங்கோலில் ரூம் எடுத்தேன். திரும்பி வந்ததும் டயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆக, அந்தப் பக்கம் போகிறவர்கள் பஞ்சர் போடும்போது வண்டியை விட்டு நகராதீர்கள். டீ அப்புறம் குடிக்கலாம். ஆணி எடுத்த இடத்தை முதலில் அடைக்கச் சொல்லுங்கள், காற்று அடித்துவிட்டு நீங்களே பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், துணியோடு அவன் கை டயர் பக்கம் போகவே கூடாது. இன்னொரு பஞ்சர் இருக்கிறது என்றால் அதில் குத்திய ஆணியைக் காட்டச் சொல்லுங்கள். காற்று மெதுவாக இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காமலே காற்றை நிரப்பிக்கொண்டு தெரிந்த கடை வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம். பஞ்சர் கிட் வாங்கி வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, என்னுடையது அன்றைக்கு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அதே ரோட்டில் போனேன். முதலாளியிடம் கேட்டேன், அடையாளமே தெரியாத மாதிரி "ஆதாரம் இருக்கா?" என்றார். இல்லைதான். உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். தம்பி, டயரையே பாரு என்று சத்தமாகவே சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். வேலை முடிகிற வரைக்கும் நானும் அங்கேயே நின்றேன். அவனுக்கு ஒரே ஒரு பஞ்சர்தான் இருந்தது.