பவர் பிரஸ்ஸுக்கு 14 மி.மீ. லைட் கர்ட்டன்: பிரேக்கைப் பார்த்த பிறகே வாங்குங்கள்

லைட் கர்ட்டன் என்பது, உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸின் முன்னால் நிற்கும் ஒளிக்கதிர்த் திரை. டைப் 4 (உயர்ந்த பாதுகாப்பு வகை), 14 மி.மீ. தடிமனையும் கண்டறியும் கர்ட்டன், விரல் நுழைந்தாலே கண்டுபிடித்து ராமை (மேலும் கீழும் இயங்கி அழுத்தும் பகுதியை) நிறுத்தச் சொல்லும். கருவி நல்ல கருவிதான். ஆனால் 'நிறுத்து' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. நிறுத்துவது பிரஸ்ஸின் பிரேக். கீ கிளட்ச் பிரஸ்ஸில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியாமல் ராம் நிற்காது. அந்த பிரஸ்ஸுக்கு இதை வாங்குவது வீண், ஆபத்தும்கூட: பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பிக் கை உள்ளே போகும். ஃபிரிக்‌ஷன் கிளட்ச் (சுற்றின் நடுவிலும் ராமை நிறுத்த விடுவது) இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

எவ்வளவு தள்ளிப் பொருத்துவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஐஎஸ்ஓ 13855 என்ற சர்வதேசத் தரநிலையின் கணக்கில் கையின் வேகம் நொடிக்கு 2,000 மி.மீ. கர்ட்டன், ரிலே (அதன் சிக்னலைக் கடத்தும் சுவிட்ச்), பிரேக் மூன்றும் சேர்ந்து ராமை நிறுத்த 0.15 நொடி ஆனால், டையிலிருந்து (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சிலிருந்து) குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 30 மி.மீ. வகைக்கு இன்னும் 128 மி.மீ. கூடும். பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் 0.20 நொடியாகிவிட்டால் அதே 300 மி.மீ. போதாது, 400 வேண்டும். கர்ட்டனில் 'தடையில்லை' என்னும் பச்சை விளக்கு அப்போதும் எரியும்! அதனால் நிற்கும் நேரத்தை அளக்கும் மீட்டர் கொண்டு அவ்வப்போது அளந்து, தேதியோடு எழுதி வைக்காத பட்டறையில் இந்தக் கருவியை நம்ப முடியாது.

கர்ட்டனிலிருந்து நிறுத்தும் சிக்னல் வரும் இரண்டு அவுட்புட்டையும் சேஃப்டி ரிலே வழியாகவே எடுக்க வேண்டும். சாதாரண பிஎல்சி-யில் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) ஒற்றை வயராகக் கொடுப்பது கூடாது. பக்கவாட்டில் நிலையான கார்டு (தடுப்பு) வேண்டும். ராம் மேலே ஏறும்போது மட்டும் மியூட்டிங் (கர்ட்டனைத் தற்காலிகமாகச் செயலற்றதாக்குவது) இருக்கலாம். ஆனால் ராமின் நிலையைக் காட்டும் கேம் நழுவினால் இறங்கும்போதும் கர்ட்டன் கண்ணை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் 14 மி.மீ. தடிமனுள்ள டெஸ்ட் ராடை (சோதனைக் குச்சியை) மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இடையில் ஒருமுறை பச்சை மின்னினாலும் பிரஸ்ஸை ஓட்டக்கூடாது.

பைபாஸ் சாவி (கர்ட்டனைச் செயலற்றதாக்கும் சாவி) உள்ள மாடலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உற்பத்தி அவசரம் என்று சாவியைத் திருப்பச் சொல்பவர் ஒருவர், விரலை இழப்பவர் இன்னொருவர். பிறகு 'அவர் கவனமாக இல்லை' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1963-ஆம் ஆண்டு 119-ஆவது உடன்படிக்கை, கார்டு இல்லாத இயந்திரத்தை ஓட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1981-இன் 155-ஆவது உடன்படிக்கை, உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாகக் கருதி விலகுபவர் மீது அதற்காக நடவடிக்கை எடுக்காமல் பாதுகாக்கச் சொல்கிறது. பாதுகாப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதையும் தடுக்கிறது. காயத்துக்குப் பிந்தைய சிகிச்சையும் பணப்பலனும் 1964-இன் 121-ஆவது உடன்படிக்கையில் வருகின்றன. இவற்றை ஏற்ற நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவரக் கடமைப்பட்டவை.

விபத்து நடந்துவிட்டால், ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிய கையோடு இயந்திரத்தை அப்படியே பூட்டி வைக்கக் கேளுங்கள். சாவி எந்த நிலையில் இருந்தது, கர்ட்டனுக்கும் டைக்கும் எத்தனை மி.மீ., கன்ட்ரோலரில் பதிவான பிழைகள், கடைசியாக அளந்த நிற்கும் நேரம் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கர்ட்டனை நகர்த்திப் பொருத்திவிட்டால் எதையும் காட்ட முடியாது. டெஸ்ட் ராடு பதிவேட்டின் நகல் ஒன்று தொழிலாளர் பிரதிநிதியிடமும் இருக்கட்டும்.